அடுப்புக்கு ஒரு கணக்கு, உலைக்கு ஒரு கணக்கு

என் தங்கை திருடி அல்லள். அவளைத் திருடி என்று ஒப்புக்கொள்ளச் செய்வதற்கான தாள் ஒன்று, லிந்துலைக்கு மேலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் அலுவலகத்தில் அச்சிடப்பட்டது. ஆனால் அந்தத் தாளுக்குரிய காரணம் அங்கே பிறக்கவில்லை. கொழும்பில் எழுதப்பெற்று, உலக நாடுகளின் முன்னே வைக்கப்படவிருந்த ஓர் அறிக்கையில் அது இருந்தது. ஒரு நாட்டின் புகைக் கணக்கு ஒரு தோட்டத்துப் பெண்ணின் தலைச்சுமையில் வந்து விழுந்த வரலாறு இது. அந்தக் கணக்கைத் தமிழில் பெயர்க்க அழைக்கப்பட்டவள் நான். ஆதலால் இதை எழுதிவைக்கும் கடமையும் எனக்கே உரியது.

நாங்கள் இருவரும் ஒரே லயத்தில், ஒரே காம்பராவில் பிறந்தவர்கள். லயம் என்பது ஒட்டி ஒட்டி நிற்கும் தொழிலாளர் குடியிருப்பின் வரிசை; காம்பரா அதில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் அறை. நான் படித்து ஆசிரியையானேன். ஓய்வுபெற்றபின் லிந்துலைக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டில் குடியமர்ந்து, அரசு அலுவலகங்களுக்கு மூன்று மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்புச் செய்து வருகிறேன். தங்கை அந்த லயத்திலேயே இருந்துவிட்டாள். அன்றும் கொழுந்து எடுத்தாள்; இன்றும் எடுக்கிறாள்.

மலைநாட்டுக்கு வெளியே உள்ளோர்க்கு ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடுப்பளவில் வெட்டிவிடுவார்கள். அதற்குக் கவ்வாத்து என்று பெயர். வெட்டி வீழ்த்திய குச்சிகள் மிலாறு எனப்படும். வெட்டிய செடி மீண்டும் தழைக்கும். விழுந்த மிலாறு லயத்து அடுப்புகளுக்குப் போகும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து வழங்கிவரும் வழமை இது. ஒவ்வொரு குடும்பமும் தனக்கென மிலாற்றைக் கூட்டி, கட்டாகக் கட்டி, கட்டின்மேல் ஒரு துணிக்கிழிசலை முடிந்துவைக்கும். அதன்பின் அந்தக் கட்டு மழையில் நனைந்து, வெயிலில் உலர்ந்து, மலையிலேயே கிடந்தாலும் வேறொருவர் கை அதன்மேல் படாது. எவரிடமும் எவரும் இசைவு கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றியதுமில்லை.

அந்த ஆண்டு கவ்வாத்து முடிந்த வாரத்தில் என் தங்கை வேலைநாளொன்றில் என் வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி, கொழுந்து நேரத்துல இங்க வந்து நிக்கிற?"

"வேல இல்லக்கா. கையெழுத்து வச்சாத்தான் பேரு போடுவாங்களாம்."

"என்ன கையெழுத்து?"

"நான் களவாணின்னு."

அவள் கதவருகே நின்றபடியே சொல்லிமுடித்தாள். மிலாறு எடுக்கக்கூடாது என்று தோட்டத்தில் புதிதாக ஆணையிட்டிருக்கிறார்கள். தன் துணிக்கிழிசல் முடிந்திருந்த கட்டை அவள் வழக்கம்போல் சுமந்து வந்திருக்கிறாள். தோட்ட வாசலில் நின்ற காவற்காரர் அதை இறக்கச் சொல்லியிருக்கிறார். மறுநாட் காலை பெரட்டில், அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், அவளையும் அவளோடு பிடிபட்ட பெண்களையும் தனியே நிறுத்தி ஆளுக்கொரு தாளை நீட்டியிருக்கிறார்கள். ‘தோட்டத்துக்குச் சொந்தமான விறகைக் களவாக எடுத்தேன், இனிமேல் எடுக்கமாட்டேன்’ என்பது அதன் சாரம்.

"மத்தவங்க என்ன செஞ்சாங்க?"

"வச்சுட்டு மலைக்குப் போயிட்டாங்க. சின்னப் புள்ளைங்க இருக்கிறவங்க. அவங்கள நான் கொற சொல்ல மாட்டேன்."

"நீ ஏன் வைக்கல?"

"நம்ம அம்மா சொமந்ததத்தானே நானும் சொமந்தேன்? நான் களவாணின்னா அம்மா யாரு? நீ படிச்சதுகூட அந்த அடுப்பு வெளிச்சத்துலதான். அப்ப நீயும் பங்காளி. வா, ரெண்டு பேரும் சேர்ந்தே கையெழுத்து வைப்போம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அமரவுமில்லை, நான் நீட்டிய தேநீரை வாங்கவுமில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு அவளோடு தோட்டத்துக்குப் புறப்பட்டேன்.

அலுவலகத்தில் துரை, அதாவது தோட்ட முகாமையாளர், இல்லை. பெரிய கிளாக்கர் இருந்தார். என்னிடம் படித்தவர் அல்லர். ஆயினும் மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"டீச்சரம்மா, இது தொர போட்ட சட்டம் இல்லைங்க. மேல இருந்து வந்தது. லயத்து ஆளுங்க வெறகு எரிக்கிறதாலதான் காடு அழியுதுன்னு கவர்மெண்டே எழுதியிருக்காம். தேயிலை வாங்குற வெளிநாட்டுக்காரங்க அதைத்தான் கேக்குறாங்களாம்."

"மிலாறு காட்டுலயா முளைக்குது?"

"எனக்குத் தெரியுங்க, உங்களுக்குத் தெரியுங்க. எழுதுனவங்களுக்குத் தெரியணுமே."

"சரி, எடுக்கக்கூடாதுன்னு தடுத்த மிலாற வச்சு இப்ப என்ன செய்றீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோட்டத்தில் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்கள். "ஸ்டோருக்குப் போகுதுங்க. தேயிலை காயவைக்கிற ஒலைக்கு."

தங்கை என் பின்னால் நின்றபடி, அவர் காதில் விழும்படியாகவே, "காடு அழியாம இருக்க எங்க அடுப்ப அணைச்சுட்டு, அதே வெறக ஒலையில போடுறாங்களாம். கேட்டுக்கக்கா" என்றாள். பெரிய கிளாக்கர் அவளைப் பார்க்கவில்லை. "தாளு இங்கதாம்மா இருக்கு. எப்ப வேணும்னாலும் வந்து வைக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ‘மேலிடத்து எழுத்து’ என் வீட்டு மேசையிலேயே கிடந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. நாட்டின் காலநிலை அறிக்கையினுடைய சுருக்கத்தைத் தமிழாக்கித் தரவும், நுவரெலியாவில் நடைபெறவிருந்த கருத்தறியும் கூட்டத்தில் மொழிபெயர்க்கவும் சில வாரங்களுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். வரைவு வந்திருந்தது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. அன்று மாலை வீடு திரும்பியதும் பிரித்தேன்.

அத்தகைய அறிக்கைகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை நான் மொழிபெயர்த்து மொழிபெயர்த்தே கற்றுக்கொண்டேன். உலக உடன்படிக்கையில் ஒப்பமிட்ட நாடு ஒவ்வொன்றும், தன் மண்ணிலிருந்து எழுகின்ற வெப்பம் பிடிக்கும் வளிகளின் அளவையும், அவற்றைக் குறைப்பதாகக் கொடுத்த வாக்கில் எவ்வளவு நிறைவேற்றியது என்பதையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை எழுதி ஒப்படைக்கவேண்டும். பாடநூல்கள் அவற்றைப் பச்சைவீட்டு வாயுக்கள் என்னும். செல்வம் மிக்க நாடுகளுக்கு அளக்கும் கருவிகளும் அளப்போரும் ஏராளம். நம்மைப் போன்ற நாடுகள் சில இடங்களில் மட்டும் அளக்கும். அந்த அளவை எஞ்சிய இடங்களுக்கெல்லாம் பெருக்கிக்கொள்ளும். அளக்கவே இயலாதவற்றுக்கு, உலகப் பொது வழிகாட்டி தரும் எண்ணைக் கடன் வாங்கும். பின்னர் அயல்நாட்டு வல்லுநர் அமர்ந்து கேள்வி கேட்பர். பதிலைப் பொறுத்து நிதியுதவி வரும், அல்லது வராது.

இதில் நம் நாட்டின் குரலில் ஒரு நியாயம் உண்டு. அதை நான் எப்போதும் விருப்போடு தமிழாக்கியிருக்கிறேன். முதலில் மிகுதியாக எரித்தவர்களே மிகுதியான பொறுப்பைச் சுமக்கவேண்டும் என்பது அந்தக் குரல். அது சரி. எங்கள் மலைகளின் காட்டை முதலில் வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவர் எவர், அந்த மரங்கள் எந்தக் கணக்கில் எழுதப்பட்டன என்று கேட்டால், எந்த அறிக்கையும் விடை சொல்லாது. கணக்குத் தொடங்கும் ஆண்டு அதற்குப் பிந்தியது.

ஆனால் அன்று மாலை என் கண்ணில் பட்டவை வேறு இரண்டு பத்திகள். முதலாவது, தேயிலைத் தொழிற்சாலைகள் எரியெண்ணெயைக் கைவிட்டு மரத்தை எரிப்பதை நாட்டின் முன்னேற்றமாக எழுதியிருந்தது. மரம் மீண்டும் வளரும். ஆகவே அந்தப் புகை காற்றுக்குச் சுமையன்று என்பது அதன் வாதம். அடுத்த பக்கத்திலிருந்த இரண்டாவது, தோட்டக் குடியிருப்புகளின் விறகுப் பயன்பாடு அளவுக்கு மிஞ்சியது என்றும், காட்டின் நலிவுக்கு அக்குடும்பங்களே முதன்மைக் காரணம் என்றும் கூறியது. ஒரே மலை. ஒரே செடி. ஒரே குச்சி. உலையில் எரிந்தால் அது முன்னேற்றம்; என் தங்கையின் அடுப்பில் எரிந்தால் அழிவு.

அந்த இரண்டாவது பத்தியின் அடியில், இந்த மாவட்டத்தின் சில தோட்டங்களில் வீடுவீடாக நிறுத்துப் பெற்ற அளவு என்ற குறிப்பு இருந்தது. நான் மறுநாள் தங்கையை அழைத்துக் கேட்டேன்.

"உங்க லயத்துக்கு வெறகு நிறுக்க யாராவது வந்தாங்களா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பின்பு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"வந்தாங்க. தொங்கவிடுற தராசோட ஒரு பையனும் ஒரு பொண்ணும். ஏங்கா?"

"எவ்வளவு காட்டுனீங்க?"

"எல்லாத்தையும்."

அவள் சொன்னது இதுதான். தராசோடு எவர் வந்தாலும் லயத்தில் அதற்கு ஒரே பொருள்: ஏதோ கொடுக்க வந்திருக்கிறார்கள். மலை சரிந்து கூரைகள் போன ஆண்டில் நிவாரணத்துக்கு வந்தவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன குடும்பங்கள் வெறுங்கையோடு நின்றன. கூட்டிச் சொன்னவர்களுக்குத் தகரமும் பாயும் கிடைத்தன. எரிவாயுக் கொள்கலனுக்கு ஊர் முழுதும் வரிசையில் நின்ற காலத்திலும் அப்படியே. ஆதலால் விறகு நிறுக்க வந்தவர்களைக் கண்டதும், விறகு மிகுதியாகத் தேவைப்படுகிற வீட்டுக்கு எரிவாயு அடுப்போ மின்னடுப்போ கிடைக்கும் என்று லயம் முடிவுகட்டிவிட்டது. முன்வாசலில் ஒரு வீட்டின் விறகை நிறுத்து முடித்ததும், அந்தக் கட்டுகள் பின்கதவால் அடுத்த வீட்டுக்குப் போயின. அங்கும் நிறுத்தார்கள். அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு.

"எத்தன வீட்டுக்குடி போச்சு?"

"லயம் முழுக்கக்கா. கடைசிக் காம்பராவுக்குப் போய்ச் சேர்றப்ப கட்டு அவுந்தே போச்சு. அந்தப் பொண்ணு பாவம், ‘எல்லா வீட்லயும் வெறகு ஒரே மாதிரி அடுக்கியிருக்கீங்க, அழகா இருக்கு’ன்னு சொல்லிச்சு."

"ஒரு நாளைக்கு இவ்வளவு எரியும்னா சொன்னீங்க?"

"ஆமா. கொறைச்சுச் சொல்லி ஏமாந்தது போதாதா? எங்களுக்கு இதச் சொல்லிக்குடுத்தது யாரு? தராசு புடிச்சவங்கதானே."

நான் அவளைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன், கடியவில்லை. நான் தமிழாக்கிய அறிக்கைகள் என் நினைவுக்கு வந்தன. தேவையைச் சொல்லும் பத்தியில் நாடு தன் வறுமையைக் கூட்டிச் சொல்லும். முன்னேற்றத்தைச் சொல்லும் பத்தியில் தன் சாதனையைக் கூட்டிச் சொல்லும். கொடுப்பவர் முன்னே நிற்பவர் எவரும் அப்படித்தான் பேசுவர். என் லயம் நாட்டைவிடப் பெரிய குற்றம் எதுவும் செய்துவிடவில்லை. வேறுபாடு ஒன்றே: நாடு கூட்டிச் சொன்னால் அதற்கு நிதி வரும். லயம் கூட்டிச் சொன்னதற்கு என் தங்கைக்குத் திருடிப் பட்டம் வந்தது.

"நுவரெலியாவுக்கு என்னோட வர்றியா?" என்று கேட்டேன்.

"என்னையக் கூப்பிடலையே."

"நான் கூப்பிடுறேன்."

கூட்டம் ஒரு பழைய விடுதியின் மண்டபத்தில். நாங்கள் பேருந்தில் நானுஓயா வழியாக நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தோம். உள்ளே, வெள்ளையர் காலத்துக் கணப்பில், தொடைப் பருமனுள்ள மரக்கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. தங்கை நேரே அதனிடம் போய், முதுகைக் காட்டி நின்று, சேலைத் தலைப்பை உலர்த்தத் தொடங்கினாள்.

"அக்கா, இந்த அடுப்பு வெறகையும் நிறுத்துப் பாத்தாங்களா?" என்று மண்டபத்தின் மறுபக்கத்திலிருந்து உரக்கக் கேட்டாள். பின்வரிசையிலிருந்த தோட்டத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அறிக்கையின் அந்தப் பகுதியை எழுதியவர் கொழும்பிலிருந்து வந்த இளம் சிங்கள அலுவலர். பணிவும் கவனமும் உள்ள பெண். அவர் பேசப் பேச நான் ஒலிவாங்கியில் தமிழாக்கினேன். பின்பு எங்கள் தோட்டத்துத் துரை எழுந்து, தம் தொழிற்சாலை எண்ணெயை விட்டு விறகுக்கு மாறியதை ஆங்கிலத்தில் விரித்துரைத்தார். அதையும் ஒரு சொல் குறையாமல் தமிழாக்கினேன்.

"தொர என்ன வெறகு போடுறாருன்னு கேளுக்கா" என்றாள் தங்கை, கணப்பருகிலிருந்தே.

கேள்வியை மொழிபெயர்ப்பதும் என் கடமை. கேட்டேன். தோட்டத்திலேயே நட்டு வளர்த்த மரங்களும், கவ்வாத்தில் கிடைக்கும் குச்சிகளும் என்று அவர் பெருமிதத்தோடு விடையளித்தார். அலுவலர் அதைக் குறித்துக்கொண்டார்.

"அந்தக் குச்சி என்னோடது. என் துணி முடிஞ்சிருக்கும், போய்ப் பாருங்க. அதச் சொமந்ததுக்குத்தான் என்னையக் களவாணின்னு கையெழுத்துக் கேட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் முன்னுக்கு வந்தாள். வந்தவள் நிற்காமல், தராசு வந்த நாளை, பின்கதவால் போன கட்டுகளை, கடைசிக் காம்பராவில் கட்டு அவிழ்ந்ததை, எல்லாவற்றையும் சொன்னாள். நான் ஒன்றையும் மறைக்காமல் முதலில் சிங்களத்திலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன். முன்வரிசையிலிருந்த தொழிற்சங்கத் தலைவர் அவள் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை.

"ஏம்மா, சபையில நம்ம மானத்த வாங்குற? உக்காரு."

"மானமா? என்னைய பெரட்டுல தனியா நிறுத்துனப்ப அந்த மானம் எங்க போயிருந்துச்சு தலைவரே? டீ குடிக்கப் போயிருந்துச்சா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அலுவலரின் முகம் வெளுத்துவிட்டது. ஒரே கட்டுகளைத்தான் எல்லா வீட்டிலும் நிறுத்தார்களா என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

"ஆமாங்க மிஸ். பொய் சொன்னது நெசம். களவெடுத்தேன்கிறதுதான் பொய்."

அறிக்கையிலுள்ள எண்ணை இப்போது மாற்ற இயலாது, ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது, ஆனால் எந்த அறிக்கையிலும் ஐயப்பாடுகளுக்கென ஓர் இணைப்பு உண்டு, அங்கே இதைக் குறிக்கலாம் என்றார் அலுவலர். அவர் ஏமாற்றுவதற்காக அதைச் சொல்லவில்லை. அவர் கற்ற முறை அது. ஆயினும் நான் ஒலிவாங்கியை மேசைமேல் வைத்தேன். மொழிபெயர்ப்பாளர் தம் குரலில் பேசலாகாது என்பது எங்கள் தொழிலின் ஒழுங்கு. இத்தனை ஆண்டுகளாகக் காத்த அந்த ஒழுங்கை அன்று நானே அறிந்து மீறினேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை.

"குற்றச்சாட்டு முதற்பக்கத்திலும் ஐயம் இணைப்பிலும் இருக்குமானால், உலகம் முதற்பக்கத்தைத்தான் படிக்கும்" என்றேன். "உலகத்தின் முன்னே நின்று, மிகுதியாக எரித்தவர் மிகுதியாகச் சுமக்கட்டும் என்று நம் நாடு சொல்கிறது. அந்த நியாயம் இந்த மலையேறும்போது மட்டும் எங்கே இறங்கிவிடுகிறது? எங்கள் அடுப்புகள் காட்டை அழித்தன என்ற இந்த வரியை நான் தமிழில் எழுதமாட்டேன்."

அலுவலர் சற்றே நிம்மதியடைந்தவர்போல், அப்படியானால் தமிழ்ப் பதிப்பிலிருந்து அந்த வரியை நீக்கிவிடலாம் என்றார். அந்த நொடியில்தான் எனக்கு உண்மையாகவே சினம் மூண்டது.

"எங்களைப் பற்றி உலகத்துக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு, எங்கள் மொழியில் மட்டும் அதை எங்களுக்கு மறைப்பீர்களா? இருந்தால் மூன்று மொழிகளிலும் இருக்கட்டும். நாங்கள் படித்துவிட்டு எதிர்ப்போம். இல்லையென்றால் மூன்றிலும் நீங்கட்டும்."

தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்கள். இடைவேளையில் அவர் எங்களைத் தேடி வந்தார். துரையையும் உடன் அழைத்து வந்தார். எண்ணை மாற்றும் வழி ஒன்றே, அது மீண்டும் அளப்பது என்றார். ஆனால் அளக்கும் காலத்தில் வீடுகள் தம் வழமைப்படியே விறகு எடுக்கவேண்டும், அந்த வழமை கலைந்தால் அளவு பயன்படாது.

"வழமை என்றால் மிலாறு" என்றேன்.

அது தோட்டத்தின் உள்விவகாரம், அறிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார் துரை. அலுவலர் அவரிடம் ஆங்கிலத்தில், அமைதியாகவே, ஒன்றைச் சொன்னார். உலைக்குப் போகும் குச்சி முன்பு அடுப்புக்குப் போயிற்றென்றால், இப்போது அந்த அடுப்புகள் எதை எரிக்கின்றன என்று எழுதவேண்டிவரும். அவற்றுக்கு விறகு தேடி வீட்டார் காட்டுக்குப் போவார்களானால், உலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் காட்டில் கழிந்துபோகும். பிறகு உங்கள் உலையை முன்னேற்றம் என்ற பக்கத்தில் என்னால் வைக்க இயலாது என்றார். நான் இதைத் தங்கைக்குத் தமிழாக்கினேன். அவள் தேநீர்க் கோப்பையை வாயிலிருந்து எடுக்காமலே துரையின் முகத்தைப் பார்த்தாள்.

அளவீடு முடியும்வரை எடுக்கலாம் என்றார் துரை. ஆனால் களவு பற்றிய தாள் வேறு. அது ஒழுங்கு சார்ந்தது. அதில் கையொப்பம் வேண்டும்.

"அக்கா, இதச் சரியாச் சொல்லு" என்றாள் தங்கை. "வேல குடுத்தா செய்வேன். கையெழுத்து வைக்க மாட்டேன். நாளைக்கும் பெரட்டுக்கு வருவேன், நாளன்னைக்கும் வருவேன். பேரு கூப்பிடாட்டி நின்னுட்டுப் போவேன்."

சரியாகவே சொன்னேன்.

அவ்வாறே அவள் போனாள். நாள்தோறும் விடியலில் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டில் நின்றாள். பெயர் கூப்பிடவில்லை. நின்றுவிட்டுத் திரும்பினாள். நான் அங்கே போகவில்லை. அவள் வேண்டாம் என்றாள். "நீ வந்தா டீச்சர் தங்கச்சின்னு கூப்பிடுவாங்க. என் பேரச் சொல்லிக் கூப்பிடட்டும்." அந்நாட்களில் அவள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் கேட்டதற்கு, அயலார் கட்டுகள் பின்கதவால் வருகின்றன என்றாள். நிறுக்க எவரும் இல்லாதபோதும் வந்தன.

ஒரு காலை, முன்பு கையொப்பமிட்ட பெண்கள் மலைக்குப் போகாமல் அலுவலக வாசலில் போய் நின்றார்கள். தாங்கள் கையொப்பமிட்ட தாள்களைத் திருப்பித் தரவேண்டும் என்றார்கள். பெரிய கிளாக்கர் தரமுடியாது என்றார். அவர்கள் அங்கேயே அமர்ந்துவிட்டார்கள். மழைக்குப் பின் கொழுந்து மலிந்திருந்த பருவம், எடுக்காவிட்டால் முற்றிப்போகும். வெயில் ஏறியது. நண்பகலுக்குச் சற்று முன் கண்டாக்கு, அதாவது கொழுந்து வேலையின் மேற்பார்வையாளர், வெளியே வந்து என் தங்கையின் பெயரை உரக்கக் கூப்பிட்டார். தாள்கள் திரும்பி வரவில்லை. அவளுடைய தாளைப் பற்றி எவரும் மறுபடி பேசவுமில்லை. பெண்கள் எழுந்து கூடையை மாட்டிக்கொண்டார்கள்.

அறிக்கை உரிய நாளில் போயிற்று. அந்த எண் அதில் இருக்கிறது. மீண்டும் அளக்கப்படுகிறது என்ற குறிப்பு அதே பக்கத்தில், அதற்கு நேர் கீழே இருக்கிறது. குடும்பங்களைக் குற்றஞ்சாட்டிய வரி மூன்று மொழிகளிலும் இல்லை. தமிழ்ப் பதிப்பை நானே ஆக்கினேன். மற்ற இரண்டையும் வரிவரியாகச் சரிபார்த்த பின்னரே ஒப்படைத்தேன். உலை இன்னும் முன்னேற்றப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதை நான் மறக்கவில்லை. அடுத்த அறிக்கைக்கும் என்னை அழைப்பார்களானால் அங்கிருந்தே தொடங்குவேன். அழைக்காவிட்டாலும் எழுதுவேன்.

அலுவலர் சொன்னபடியே தராசோடு வந்தார். லயத்தில் பல நாள் தங்கி, எரிப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் போனார். அவர் போன பிறகு ஒரு மாலையில் நான் தங்கையைப் பார்க்கப் போயிருந்தேன். தோட்ட வாசலில் பெண்கள் மிலாற்றுக் கட்டுகளோடு வரிசையாக இறங்கி வந்தார்கள். முன்னால் என் தங்கை. முன்பு அவள் கட்டை இறக்கச் சொன்ன அதே காவற்காரர் அங்கே நின்றார்.

"அக்கா, அளக்குறது முடிஞ்சு போச்சாமே" என்றார் அவர், தயங்கித் தயங்கி. "முடியுற வரைக்குந்தான் எடுக்கலாம்னு தொர சொல்லியிருந்தாரு."

அவள் நிற்கவில்லை. தலைச்சுமையோடு கழுத்தைத் திருப்பவும் இயலாது.

"அளக்குறதுதானே தம்பி முடிஞ்சுச்சு? சோறாக்குறது முடியலையே. தள்ளி நில்லு, கட்டு இடிக்கும்."

அவர் தள்ளி நின்றார்.